பேக்கப்பில் இருக்கிறது என்றால் எங்கே இருக்கிறது?

செத்துப்போன போனோடு என்னிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "போன் போனா போகட்டும் தம்பி, உள்ள இருக்கிற போட்டோவ மட்டும் எடுத்துக் குடுத்துடுப்பா." கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைக்கு இதற்கு ஒரு வழி தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. "பேக்கப் இருக்காம்மா?" என்று திருப்பிக் கேட்பேன். "இருக்கே, கூகுள்ல தானா ஏறிடும்னு சொன்னாங்களே" என்று பதில் வரும். போய்ப் பார்த்தால் பலருக்கு ஏறியே இருக்காது. ஏறியிருப்பவர்களிலும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் குறைவு.

இதில் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனை எடுத்தால் எதற்கெடுத்தாலும் பேக்கப் என்று பொத்தான் வைத்திருப்பது எங்கள் தொழில்காரர்கள்தான். அழுத்தினால் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. எது பேக்கப், எது பேக்கப் இல்லை, கடலூர், புதுச்சேரி என்று கடலோரத்தில் இருக்கிற நமக்கு எது பொருந்தும் என்று முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், செத்த போனிலிருந்து ஏன் எடுக்க முடிவதில்லை என்பது. முன்பெல்லாம் போனில் மெமரி கார்டு இருக்கும், போட்டோ அதில் இருக்கும். போன் உடைந்தால் கார்டைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் வேலை முடிந்தது. இப்போதைய போன்களில் பெரும்பாலும் போட்டோ இருப்பது போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த ஒரு சிப்பில். அதில் எழுதப்படும் எல்லாமே ரகசியக் குறியாக மாற்றித்தான் எழுதப்படுகிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து புதிதாக வெளிவரும் போன்களுக்கு இது கட்டாயம். ஐபோன் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அப்படித்தான். அந்தக் குறியை அவிழ்ப்பதற்கான சாவியில் ஒரு பகுதி அதே போனின் பிராசஸருக்குள் இருக்கிறது, இன்னொரு பகுதி நீங்கள் போடும் பின் நம்பரைக் கொண்டு உருவாகிறது. அதனால் மெமரி சிப்பை மட்டும் பெயர்த்தெடுத்து வேறு கருவியில் வைத்துப் படித்தால் வெறும் குப்பைதான் கிடைக்கும்.

திருடன் கையில் போன் சிக்கினாலும் உங்கள் படங்கள் சிக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன் செத்துவிட்டால் உரிமையாளருக்கும் திருடனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சர்வீஸ் கடைக்காரரால் செய்ய முடிந்தது, அதே போர்டை அதே பிராசஸரோடு கொஞ்ச நேரமாவது எழுந்து நிற்க வைப்பது. டிஸ்பிளே மட்டும் போயிருந்தால் இது சுலபம். கடலூர் சில்வர் பீச்சில் அலைக்குள் விழுந்த போன் என்றால் கஷ்டம். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை உள்ளே இருக்கும் உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் உப்பு எங்கேயும் போகாது. உடனே ஆஃப் செய்து, சார்ஜ் போட்டுப் பார்க்காமல், அன்றைக்கே கடையில் கொடுத்து போர்டைச் சுத்தம் செய்யச் சொல்வதுதான் உருப்படியான வழி.

சரி, பேக்கப் என்றால் என்ன? ஒரு பிரதியை அழிக்கிற அதே காரணம் இன்னொரு பிரதியைத் தொட முடியாமல் இருந்தால், அந்த இன்னொன்றுதான் பேக்கப். எத்தனை பிரதி இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். எது நடந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பதில் சட்டென்று வந்துவிட்டால் உங்களிடம் இருப்பது பேக்கப் இல்லை.

கடைகளில் நான் அடிக்கடி பார்க்கும் உதாரணம் டி டிரைவ். பில் போடும் கம்ப்யூட்டரில் சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டு காட்டும். "கணக்கெல்லாம் தினமும் டி டிரைவ்ல பேக்கப் எடுத்துடுவேன் சார்" என்பார் கடைக்காரர். பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரே டிஸ்க்தான் இருக்கும். அதையே கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருப்பார்கள். வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டு அதையும் அதே வளையத்தில் கோத்து வைத்த மாதிரிதான் இது. டிஸ்க் போனால் இரண்டும் போகும்.

பென் டிரைவில் எடுத்து, அதை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே குத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. டிஸ்க் பழுதானால் அது உதவும். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாகிரை மாதிரி பணம் பறிக்கும் வைரஸ் வந்தால் உதவாது, ஏனென்றால் கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தெரிகிற எல்லா டிரைவையும் அது சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்து முடித்ததும் கழற்றி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகிற பென் டிரைவை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வேன். கல்லாவில் பணத்தை விட்டுவிட்டுப் போகாத கடைக்காரர்கள், அந்தப் பணம் யார் யாரிடம் பாக்கி என்ற கணக்கை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

குழப்பம் அதிகமாக இருப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிங்க் என்பது இரண்டு இடங்களையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வேலை. போனில் ஒரு படம் சேர்ந்தால் கூகுளிலும் சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சேர்வதை மட்டும் பார்த்துவிட்டு பேக்கப் என்று நம்பிவிடுகிறோம், அழிவதை யாரும் யோசிப்பதில்லை.

நடப்பது இதுதான். போனில் இடம் நிறைந்துவிடுகிறது. எல்லாம் கூகுளில் இருக்கிறதே என்ற தைரியத்தில் கூகுள் போட்டோஸைத் திறந்து, பழைய படங்களை வரிசையாகத் தொட்டு, குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்துகிறார் ஒருவர். போனிலும் போகும், கூகுளிலும் போகும், அதே கணக்கு போட்டிருக்கும் டேப்லட்டிலும் போகும். எல்லா இடத்திலிருந்தும் நீங்கும் என்று சின்னதாக ஓர் எச்சரிக்கை வரத்தான் செய்கிறது. ஆனால் நாளுக்கு ஐம்பது எச்சரிக்கைக்கு ஓகே அழுத்திப் பழகிய கை அது. கூகுளில் ஏறியிருந்த படங்கள் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதற்குள் நினைவு வந்தால் திரும்ப எடுத்துவிடலாம். வளைகாப்புப் படம் காணோம் என்பது குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத் தேடும்போதுதான் தெரியும் என்றால், ஒன்றும் செய்ய முடியாது.

போனில் இருக்கும் பிரதியை மட்டும் நீக்குவதற்கு அதே செயலியில் தனி வசதி இருக்கிறது. ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று காட்டும். அதை அழுத்தினால் ஏற்கெனவே ஏறிவிட்ட படங்கள் போனிலிருந்து மட்டும் நீங்கி இடம் கிடைக்கும், கூகுளில் இருப்பது அப்படியே இருக்கும். குப்பைத்தொட்டியை அழுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அழுத்திய அந்த நொடியில் இரண்டு பிரதி ஒரு பிரதியாகிவிடுகிறது. அதுவரை பேக்கப்பாக இருந்தது அதற்குப் பிறகு அசலாகிவிடுகிறது, அந்த அசலுக்கு இப்போது பேக்கப் கிடையாது. இதை ஒரு வார்த்தை சொல்லாமல், ஏதோ வீட்டை ஒட்டடை அடித்துக் கொடுக்கிற மாதிரி இனிமையாகக் கேட்கும் பொத்தானை வைத்தவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்: இனி உங்களிடம் இருப்பது ஒரே பிரதி.

அடுத்தது, ஏன் பலருக்கு ஏறுவதே இல்லை என்பது. வைஃபை கிடைத்தால் மட்டும் ஏற்று என்பதுதான் வழக்கமாக முதலில் இருக்கும் அமைப்பு. எல்லார் வீட்டிலும் வைஃபை இருக்கும் என்று நினைக்கிற ஊர்க்காரர்கள் செய்தது. நெல்லிக்குப்பத்திலோ பாகூரிலோ ஒரு வீட்டில் நான்கு போன் இருக்கும், நான்கிலும் தினசரி டேட்டா இருக்கும், வைஃபை இருக்காது. அந்த வீட்டுப் படங்கள் வராத வைஃபைக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். செயலியின் அமைப்புகளுக்குள் போய் மொபைல் டேட்டாவிலும் ஏற்றச் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கவும் வழி இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீணாகப் போகிற மிச்ச டேட்டாவுக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் படங்கள் இன்னொரு கதை. கூகுள் போட்டோஸ் தானாக ஏற்றுவது கேமராவில் எடுத்தவற்றை. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு ஃபோல்டரில் இருக்கின்றன. அந்த ஃபோல்டரையும் ஏற்றச் சொல்லி நாமே போய்த் தேர்வு செய்தால்தான் ஏறும். நம் வீடுகளில் காதுகுத்து, நிச்சயதார்த்தம், சபரிமலை போய்வந்தது என்று பாதிப் படங்கள் யாரோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவைதான். மொத்த ஃபோல்டரையும் ஏற்றினால் காலை வணக்கப் பூக்களும் சேர்ந்து ஏறி இடத்தை நிரப்பும். வேண்டிய படத்தைப் பார்த்தவுடன் அதை மட்டும் கையால் ஏற்றிவிடுவது நல்லது. அப்புறம், வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். போனில் பார்க்கும்போது தெரியாது, பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டும்போது தெரியும். எடுத்தபடியே வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இடம் தீர்ந்துபோவதும் ஒரு காரணம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இலவசம். 2021 ஜூன் 1-க்கு முன் ஏற்றிய சுருக்கிய படங்கள் இந்தக் கணக்கில் வராது, அதற்குப் பிறகு ஏற்றியவை எல்லாம் வரும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் முன்பு இதில் சேராமல் இருந்தது, இப்போது இதிலேயே கழிகிறது. நிறைந்துவிட்டால் புதிதாக எதுவும் ஏறாது. மெயில்கூட வராது. சில பேருக்கு மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தேதியோடு படங்கள் நின்றுபோயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் 15 ஜிபி நிரம்பியிருக்கும்.

கணக்கு யாருடையது?

இது எல்லாவற்றையும்விட வருத்தமான விஷயம். புது போன் வாங்கும்போது கடையில் இருக்கும் பையன் "ஜிமெயில் ஐடி இருக்காண்ணே?" என்று கேட்பான். இல்லை என்றாலோ ஞாபகமில்லை என்றாலோ அவனே புதிதாக ஒன்றைப் போட்டு, வாய்க்கு வந்த பாஸ்வேர்டு ஒன்றை வைத்து, ப்ளே ஸ்டோரைத் திறந்து கையில் கொடுத்துவிடுவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். அந்தப் போன் உழைக்கிறவரைக்கும் படங்கள் அந்தக் கணக்கில் ஏறும். அடுத்த போன் வாங்கும்போது இன்னொரு கடை, இன்னொரு பையன், இன்னொரு ஐடி. பழைய படங்கள் பழைய ஐடியில் பத்திரமாக இருக்கும், ஆனால் அந்த ஐடி என்ன என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் இது அப்படியே காத்திருக்கும் என்றும் நம்ப முடியாது.

அப்பா அம்மா போனை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். ஐடி என்ன, பாஸ்வேர்டு என்ன என்று டைரியில் பேனாவால் எழுதி பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது என்று என் தொழிலில் பலர் சொல்வார்கள். அலுவலக மேசையில் ஒட்டி வைப்பதற்கு அந்த அறிவுரை சரி. வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பீரோவை உடைத்துத் திருடுகிறவன் டைரியைத் தேடி வரமாட்டான். பாஸ்வேர்டு மறந்து படங்களை இழந்த பெரியவர்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மீட்பு எண் என்று கேட்கும் இடத்தில் மகன் அல்லது மகள் நம்பரைக் கொடுங்கள். செத்துப்போன சிம் நம்பர் அங்கே இருந்தால் அதை மாற்றுங்கள்.

வாட்ஸ்அப் பேக்கப்புக்கு யாரும் படிக்க முடியாதபடி பூட்டு போடும் வசதி 2021-இல் வந்தது. பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவி ஒன்று கேட்கும். அதைத் தொலைத்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. போடுவதானால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதே டைரியில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கிளவுட், அதாவது கூகுள் மாதிரி நிறுவனங்களின் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது, என்றாலே நம்பக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய நிறுவனங்கள் ஒரே படத்தைப் பல டிஸ்க்குகளில், பல கட்டடங்களில் வைத்திருக்கும். அங்கே ஒரு டிஸ்க் போனதால் உங்கள் படம் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் எல்லா கிளவுடும் அப்படி நடப்பதில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தகவல் மையம் ஒன்றில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்துபோனது. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியே பிரதி எடுத்து வைக்கவில்லை என்று சொன்னார்கள். கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் கரண்ட்டில் ஓடுகிற கம்ப்யூட்டர்கள்தான்.

மூன்று, இரண்டு, ஒன்று

எங்கள் தொழிலில் 3-2-1 என்று ஒரு விதி உண்டு. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர் எழுதிப் பரவலாக்கியது. எதுவானாலும் மூன்று பிரதி வேண்டும், அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். போனில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் விதி நிறைவேறிவிடும்.

இதில் வேறு ஊர் என்பதை நம் பக்கத்தில் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். "அண்ணன் வீடு பாண்டில ரெயின்போ நகர்ல இருக்கு, அங்க ஒரு ஹார்ட் டிஸ்க் வெச்சிருக்கேன்" என்று கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர் ஒருவர் சொன்னால் திருட்டுக்கும் தீக்கும் அது போதும். புயலுக்குப் போதாது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. இரண்டு ஊரையும் ஒன்றாக அடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ராணுவம் வந்து ஆட்களை மீட்க வேண்டியிருந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூர்ப் பக்கம் மூழ்கியது. இரண்டு ஊருக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. ஒரே வானம், ஒரே கடல், ஒரே ஆறு. நம்மைப் பொறுத்தவரை வேறு ஊர் என்றால் திருச்சி, சேலம், கோவை.

கடலோரக்காரர்களுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. தானேவுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பல இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டவர் இல்லாத நேரத்தில் கிளவுடில் இருக்கும் பட்டாவையோ இன்சூரன்ஸ் பாலிசியையோ எடுக்க வழியில்லை. நிவாரணம், இழப்பீடு என்று தாள் கேட்பது அந்த நேரத்தில்தான். அதனால் வீட்டுக்குள்ளேயும் ஒரு பிரதி வேண்டும். ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் இல்லாமல் பரணில் வையுங்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினத்துப் பக்கம் சான்றிதழ் இல்லாமல் அலைந்தவர்கள் வீட்டில் யாரிடமாவது கேளுங்கள், நான் சொல்ல வேண்டியதே இருக்காது.

வெளியூர் பிரதிக்குச் சுலபமான வழி சொந்தக்காரர்கள்தான். கோவையில் வேலை பார்க்கும் தம்பி தீபாவளிக்கு வரும்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தனுப்புங்கள். பொங்கலுக்கு வரும்போது அதைக் கொண்டுவரச் சொல்லி, புதுப் படங்கள் ஏற்றிய இன்னொன்றைக் கொடுத்தனுப்புங்கள். தம்பி வீட்டுப் படங்களையும் இங்கே வைத்துக்கொள்ளலாம். மாதச் சந்தா கிடையாது, பாஸ்வேர்டு மறக்கும் தொல்லை கிடையாது.

இதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்த அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது, ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அந்த அழிவில் தாள்கள் தப்பியதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 1846-இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துத் தனக்கென்று பிரதி எடுத்துக்கொண்டார். பாரிஸ் தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி போனது. பிறகு சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. எண்பத்தைந்து வருடம் ஒரு வீட்டுக்குள் ஒற்றைப் பிரதியாகக் கிடந்தது, ஊர் ஊராகப் பிரிந்த பிறகு ஒரு புயலாலோ ஒரு கரையானாலோ மொத்தமாக அழிக்க முடியாததாகிவிட்டது.

ஹார்ட் டிஸ்க்கா பென் டிரைவா என்று கேட்பவர்களுக்கு: வருடக்கணக்கில் வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க். பென் டிரைவும் மெமரி கார்டும் நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துத்தான் தகவலைச் சேமிக்கின்றன. கரண்ட் காணாமல் பல வருடம் கிடந்தால் அந்த மின்னேற்றம் கசியும். ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண வீடியோ பென் டிரைவை நகைப்பெட்டியில் வைத்துவிட்டு வெள்ளிவிழாவுக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே வேறு இடத்தில் காப்பி போடுங்கள், ஸ்டுடியோக்காரரும் என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார். இன்னொன்று, சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்கும் பென் டிரைவ். அதன் உள்ளே இருப்பது சின்ன சிப்தான், கம்ப்யூட்டர் கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதற்குள் இருக்கும் நிரலை மாற்றியிருப்பார்கள். காப்பி போடும்போது எல்லாம் ஏறுவது போலவே காட்டும். சிப் நிறைந்ததும் பழைய படங்களின் மேலேயே எழுதும், அல்லது எழுதாமலே எழுதிவிட்டதாகச் சொல்லும். ஃபோல்டரில் பெயர்கள் வரிசையாக இருக்கும், படம் திறக்காது.

திறக்கிறதா என்று பார்த்தீர்களா?

பேக்கப் எடுத்த எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். விவரம் தெரிந்தவர்களும் விட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் வேறொரு சர்வர் என்று நினைத்து முக்கியத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. போய்ப் பார்த்தால் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒன்றில், தினமும் பிரதி எடுக்க வேண்டிய நிரலின் பதிப்பு பொருந்தாததால் எதுவும் சேமிக்கப்படவே இல்லை. அது தோற்றுப்போகிறது என்று சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. அதிர்ஷ்டவசமாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு காரணத்துக்காக எடுத்திருந்த ஒரு பிரதி கிடைத்தது, அதை வைத்து மீண்டார்கள். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதற்காக அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வீட்டில் இதைச் சோதிக்க ஒரு வழி: மனைவி அல்லது கணவர் போனிலோ பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலோ உங்கள் கணக்கில் நுழையுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தைத் தேடித் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா, ஓடிபி எந்த நம்பருக்குப் போகிறது, படம் தெளிவாக இருக்கிறதா என்று எல்லாமே அதில் தெரிந்துவிடும். ஓடிபி தொலைந்த போனுக்கே போகுமானால், போனைத் தொலைப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு நல்லது! பார்த்து முடித்ததும் அந்தப் போனிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. எதிலிருந்து ஆரம்பிப்பது? ஆதார், டிரைவிங் லைசென்ஸ், பத்தாவது பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை அரசாங்கமே திரும்பக் கொடுக்கும். டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் அந்தந்தத் துறையே வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017-இல் விதி வந்துவிட்டது. நீங்களே ஸ்கேன் செய்து அதில் ஏற்றுவதற்கு அந்த மதிப்பு கிடையாது, அது வெறும் நகல். ஆக, ஆவணங்களுக்கு அலைச்சல் உண்டு, ஆனால் வழியும் உண்டு. யாராலும் திரும்பக் கொடுக்க முடியாதவை வேறு. இறந்துபோன பாட்டியின் படம், அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு, குழந்தை முதன்முதலில் நடந்த வீடியோ. இவற்றை முதலில் எடுங்கள். சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் ஐந்தாறு ஜிபிதான் வரும்.

ஹார்ட் டிஸ்க் வாங்க இப்போது காசில்லை என்றால், டிராயரில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். டிஸ்பிளேயில் விரிசல் இருந்தாலும் பரவாயில்லை, பேட்டரி மட்டும் உப்பியிருக்கக் கூடாது. புது போனையும் அதையும் பக்கத்தில் வைத்து, ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் குவிக் ஷேர் என்ற வசதியில் அனுப்பினால் டேட்டா செலவே இல்லாமல் படங்கள் போய்ச் சேரும், சுருங்கவும் சுருங்காது. அந்தப் பழைய போனில் போட்டோ செயலியின் பேக்கப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சிங்க் ஆகி, அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். பின் நம்பரை டைரியில் எழுதி, பாதி சார்ஜ் போட்டு ஆஃப் செய்து, அடுத்த முறை சேலத்துக்கோ திருச்சிக்கோ போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட்டு, நாலு படத்தைத் திறந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.